மொட்டை மாடியில் பசுமைக்குடில்: முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி

போரூர்_மாடி (சென்னை), மார்ச் 21

எல்லோருக்கும் வணக்கம். நான்கு வருடமாக மொட்டை மாடியில் செடி வளர்க்கிறேன். நாற்பது குரோ பேக் (செடி வளர்க்கும் பை) வரை இருக்கிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை கீரையும் தக்காளியும் வீட்டுக்குப் போக, மீதி பக்கத்து வீட்டுக்கும் போகும். சித்திரை பிறந்தால் கருக ஆரம்பிக்கும். தப்பிப் பிழைத்தது ஐப்பசி மழையில் அழுகும். ஆக வருடத்தில் நான்கு மாதம்தான் சொந்தக் காய்.

அம்மாவுக்குச் சர்க்கரை. தினமும் ஒரு கீரை சாப்பிட வேண்டும் என்று ஆசைப்படுகிறார். கடையில் வாங்குகிற கீரை சில நாள் மூன்று தண்ணீரில் அலசிய பிறகும் மருந்து வாடை அடிக்கிறது. அதை அவருக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இந்த வருடம் பசுமைக்குடில் ஒன்று போட்டு, பன்னிரண்டு மாதமும் வீட்டுக் கீரை, வீட்டுக் காய் என்று கொண்டு வந்துவிட வேண்டும்.

வெல்டர் கொடுத்த திட்டம் இது: 10க்கு 20 அடி, உயரம் 7 அடி, ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), மேலேயும் நான்கு பக்கமும் 200 மைக்ரான் யூ.வி. ஷீட் (வெயிலைத் தாங்கும் பிளாஸ்டிக் ஷீட்), ஒரு கதவு. காணொளிகளில் பார்த்ததும் ஏறக்குறைய இதேதான். திங்கட்கிழமை முன்பணம் கொடுக்க வேண்டும். யாராவது போட்டிருந்தால் அனுபவம் சொல்லுங்கள்.

---

கீரைக்காரி (ஆவடி), மார்ச் 21

தம்பி, முன்பணம் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் அதே குடிலை நான் போட்டேன். ஒரே ஒரு கோடையோடு பிரித்தேன்.

அதில் நடந்ததைச் சொல்கிறேன். பிப்ரவரி வரை அருமையாக இருந்தது. தக்காளிச் செடி இடுப்பு உயரம், கொத்துக் கொத்தாகப் பூ. ஏப்ரல் முதல் வாரம் உள்ளே நடுவில் ஒரு வெப்பமானி தொங்கவிட்டேன். காலை 11 மணிக்கு வெளியே 35 டிகிரி, உள்ளே 46. மறுநாள் பூக்களைப் பார்த்தால், காம்பில் பாதி வழியில் ஒரு சின்னக் கணு இருக்குமே, சரியாக அந்த இடத்தில் மஞ்சள் பிடித்திருக்கிறது. விரல் பட்டதும் பூ கையோடு வந்துவிட்டது. ஒரு வாரத்தில் செடிக்கு அடியில் மஞ்சள் பாய் விரித்தது போல் பூ. ஒரு பிஞ்சு நிற்கவில்லை.

பகலில் 35 டிகிரிக்கு மேலே போய், இரவிலும் 24, 25க்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளியின் மகரந்தம் கெட்டுவிடும். பூக்கும், காய்க்காது. உரம் போட்டோ டானிக் அடித்தோ அதை மாற்ற முடியாது.

வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் உட்கார்ந்திருக்கிறீர்களா? மூடிய ஷீட் குடில் அதேதான். வெளிச்சம் உள்ளே வந்து மண்ணையும் இலையையும் சூடாக்கும், சூடான காற்று வெளியே போக வழியில்லை. குளிர் நாட்டுக்காரர்கள் சூட்டைப் பிடித்து வைக்கக் கட்டியது அது. நம் ஊரில் சூட்டைப் பிடித்து வைக்க வேண்டிய நாள் ஒன்றுகூட இல்லை. செடியைக் காப்பாற்ற வேண்டியது உச்சி வெயிலிடமிருந்து, அடைமழையிடமிருந்து, பூச்சியிடமிருந்து. இந்த மூன்றுக்கும் கூரை வேண்டும், சுவர் வேண்டாம்.

இப்போது என் மாடியில் இருப்பது இதுதான். பத்தடி உயரத்தில் கூரைச் சட்டம், நான்கு பக்கமும் திறந்தது. மார்ச் முதல் அக்டோபர் பாதி வரை சட்டத்தின் மேல் நிழல்வலை. அதன் பிறகு வலையைச் சுருட்டிவிட்டு ஷீட். மழை ஓய்ந்ததும் இரண்டையும் எடுத்துவிட்டு வெறும் வானம். ஒரே சட்டம், மூன்று வேடம்.

வலை வாங்கும்போது கீரைப் பக்கத்துக்கு 50 சதவீதம் (வெயிலில் பாதியை மறைப்பது), காய்ப் பக்கத்துக்கு 35 சதவீதம் கேட்டு வாங்குங்கள். "75 போட்டால் இன்னும் குளுகுளு" என்று கடைக்காரர் சொல்வார். அதன் அடியில் கத்தரி, மிளகாய் எல்லாம் வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று வளருமே தவிரப் பூக்காது.

---

கம்பி_வேலை (திருவள்ளூர்), மார்ச் 22

நான் தொழிலே இந்தச் சட்டம் போடுவதுதான். அக்கா சொன்னதை ஆமோதிக்கிறேன். செடி விஷயம் அவர்களுக்குத் தெரியும், நான் காற்று, பாரம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். அன்றைக்குச் சென்னையில் மாடிக்கு மாடி ஷீட் பறந்தது. நான் போட்டுக் கொடுத்த ஒரு குடில், நான்கு கால் சட்டத்தோடு கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பக்கத்து மனையில் போய் விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அன்றிலிருந்து மாடியில் நிரந்தர ஷீட் போட மாட்டேன் என்று வருகிற எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன். வலையில் காற்று ஊடுருவிப் போகும். ஷீட் பாய்மரம் மாதிரி தூக்கும். அலுமினியம் சேனலில் ஜிக்ஜாக் ஸ்பிரிங் வைத்து மாட்டினால் இரண்டு பேர் அரை மணி நேரத்தில் கழற்றிவிடலாம். புயல் எச்சரிக்கை வந்தால் கழற்றிச் சுருட்டிப் படிக்கட்டில் வையுங்கள். சட்டம் நின்றால் போதும்.

தளத்தில் துளை போட்டுப் போல்ட் அடிக்கச் சொல்லாதீர்கள். தளத்தின் மேல் பதித்த தட்டோட்டுக்குக் கீழே நீர் இறங்கிவிட்டால் கீழ் வீட்டுக் கூரையில் ஒழுகும்போதுதான் தெரியும். கால்களைக் கான்கிரீட் கட்டைகளில் ஊன்றி, கைப்பிடிச் சுவரோடு கிளாம்ப் போட்டுப் பிணைப்பதுதான் முறை.

இன்னொன்று, கூரைக்கு நல்ல சாய்வு வையுங்கள். 200 சதுர அடி ஷீட்டில் ஒரு அங்குலம் தண்ணீர் தேங்கினால் 470 கிலோ. அதே போல 15க்கு 15 அங்குலப் பை செம்மண் கலவையோடு நனைந்திருந்தால் 35, 40 கிலோ வரும். நாற்பது பை என்றால் ஒன்றரை டன். நடுத் தளத்தில் குவிக்காமல் சுவர், உத்தரம் போகிற வரிசையில் வையுங்கள்.

---

நீலமலை (கோத்தகிரி), மார்ச் 22

சமவெளிக்கு வேண்டாம் என்பது சரி. அதற்காகப் பசுமைக்குடிலே வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் மலையில் கார்னேஷன் பூவும், ஓசூர்ப் பக்கம் ரோஜாவும் வருடக்கணக்காகக் குடிலில்தான் விளைகின்றன.

என் வீட்டுப் பின்னால் 12க்கு 30 அடியில் ஒன்று இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் பள்ளத்தில் உறைபனி விழும் நாட்களில் வெளியே உள்ள பீன்ஸ் காலையில் வெந்த கீரை மாதிரி தொங்கும். உள்ளே உள்ளது தப்பிக்கும். எனக்கு அதைவிடப் பெரிய லாபம் மழைக் காலத்தில். இங்கே மாதக்கணக்கில் மூட்டமும் தூறலுமாக இருக்கும்போது தக்காளிக்கும் உருளைக்கும் இலைக் கருகல் நோய் வரும். ஈர இலைதான் அதற்கு வழி. குடிலுக்குள் இலை நனைவதில்லை, அதனால் மருந்து அடிக்க வேண்டிய அவசியமே எனக்கு வருவதில்லை.

ஆனால் மலையிலும் காற்று விடாமல் இருக்க முடியாது. பக்கத் திரையைக் காலை 9 மணிக்குச் சுருட்டி ஏற்றுவேன், மாலை 4 மணிக்கு இறக்குவேன். ஒரு நாள் மறந்தால் மறுநாள் விடியலில் ஷீட்டின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்துச் சொட்டும். அந்தச் சொட்டு விழுந்த இலையில் மூன்றாம் நாள் சாம்பல் பூஞ்சை.

---

ஸ்கார்பரோ_வளவு (டொரன்டோ), மார்ச் 22

வணக்கம். நான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இப்போது கனடாவில். இந்தக் கதையைக் கேட்க ஆசையாக இருக்கிறது, ஏனென்றால் எங்களுக்கு எல்லாமே தலைகீழ்.

பின்வளவில் ஒரு சின்னப் பொலித்தீன் குடில் வைத்திருக்கிறோம். வெளியே மே மாதம் விக்டோரியா நாள் கழிந்த பிறகுதான் கன்று நடலாம், ஒக்டோபரில் பனி வந்து எல்லாவற்றையும் முடித்துவிடும். குடில் இருப்பதால் முன்னாலும் பின்னாலும் ஐந்தாறு கிழமைகள் கூடுதலாகக் கிடைக்கிறது. பாகல், வெண்டி, பயற்றங்காய், கொச்சி மிளகாய் எல்லாம் இந்த வெக்கையில் வடிவாக வரும். கறிவேப்பிலைக் கன்று மட்டும் சாடியோடு செப்டம்பர் கடைசியில் வீட்டுக்குள் வந்துவிடும். அது எங்கள் வீட்டில் இன்னொரு பிள்ளை.

குளிர்காலத்துக்குச் சூடாக்கி வைக்கலாமே என்று கேட்பார்கள். அந்தச் செலவுக்குக் கடையில் வாங்கிச் சாப்பிடலாம். அதோடு குளிரைவிட வெளிச்சம்தான் பெரிய குறை. நவம்பர் தொடக்கத்திலிருந்து பெப்ரவரி தொடக்கம் வரை இங்கே பகல் பத்து மணித்தியாலத்துக்கும் குறைவு. டிசம்பர் நடுவில் ஒன்பதுதான். அந்த நேரம் செடி சாகாது, ஆனால் வளராது. அதனால் ஓகஸ்ட் கடைசியில் ஸ்பினாச், கேல் கீரைகளை விதைத்து, இருட்டு வருவதற்கு முன்னமே முக்கால்வாசி வளர்த்துவிடுவேன். பிறகு குடிலுக்குள்ளேயே பாத்திக்கு மேலே இன்னொரு மெல்லிய துணி விரித்து மூடி வைப்பேன். வெளியே சினோ (பனி) கொட்டிக் கிடக்கும். உள்ளே போய்த் துணியைத் தூக்கினால் பச்சை இலை. சில காலையில் இலை கல்லு மாதிரி உறைந்திருக்கும், அப்போது தொடக்கூடாது. மத்தியானம் இளகிய பிறகு ஆய்ந்தால் நல்ல இனிப்பு.

ஆடி மாதம் பாருங்கள், இங்கேயே குடிலுக்குள் 40 தாண்டும். கூரைச் சன்னலுக்கு மெழுகு அடைத்த ஒரு உருளை பூட்டியிருக்கிறோம். சூட்டில் மெழுகு விரிந்து சன்னலைத் தானே தூக்கும், கரண்ட் தேவையில்லை. இந்த நாட்டிலேயே அது இல்லாமல் சமாளிக்க முடியாதென்றால், சென்னையில் நாலு பக்கமும் மூடுவதை நினைக்கவே பயமாக இருக்கிறது.

---

கரிசல் (கோவில்பட்டி), மார்ச் 23

எல்லோரும் பைப்பு, ஷீட்டு என்றே பேசுகிறீர்கள். நம்மிடம் ஏற்கெனவே ஒரு நிழல்குடில் இருக்கிறதே. வெற்றிலைக் கொடிக்கால் பார்த்ததில்லையா? முதலில் அகத்தியை வரிசையாக விதைத்து வளர்ப்பார்கள். அகத்தியின் சன்ன இலை வழியாக வெயில் சல்லடையில் சலித்த மாதிரி இறங்கும். அதன் அடியில், அதையே பிடித்துக்கொண்டு வெற்றிலைக் கொடி ஏறும். கொடிக்காலுக்குள் நடந்து பாருங்கள், வெளியே கொளுத்தும்போது உள்ளே கிணற்றடி மாதிரி குளிர்ச்சியாக இருக்கும். நிழலும் கிடைக்கும், அகத்திக்கீரையும் கிடைக்கும்.

மாடியில் அதையே பந்தலாகச் செய்யலாம். மேற்குப் பக்கம்தான் கொல்லும் வெயில். அந்தப் பக்கம் கயிறு கட்டிப் பீர்க்கையோ கோவைக்காயோ ஏற்றிவிடுங்கள். கோவை ஒரு தடவை பிடித்தால் வருடக்கணக்கில் நிற்கும். அதன் நிழலில் தண்டுக்கீரை, பொன்னாங்கண்ணி, புதினா. பந்தல் நிறைகிற வரைக்கும் இரண்டு தென்னங்கீற்றை மேலே போட்டால் போதும். இலை வழியாக ஆவியாகும் நீரே சுற்றுப்புறத்தைக் குளிர்விக்கும். எந்த வலையும் அந்த வேலையைச் செய்யாது.

---

போரூர்_மாடி, மார்ச் 23

முன்பணம் கொடுக்கவில்லை. எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வெல்டரிடம் புதுத் திட்டம் சொல்லிவிட்டேன்: பத்தடி உயரம், பக்கம் திறந்தது, மேற்கே கோவைப் பந்தல். செலவும் பாதியாகக் குறைந்தது.

இப்போது அடுத்த கேள்வி. கூரை தயார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாதம் எதை விதைப்பது? தக்காளி வருடம் முழுக்க வருமா? பூச்சிக்குப் பக்கத்தில் பூச்சிவலை கட்டட்டுமா?

---

கீரைக்காரி, மார்ச் 24

தக்காளி வருடம் முழுக்க வராது. அதை முதலில் மனசிலிருந்து எடுத்துவிடுங்கள். வருடம் முழுக்க ஏதோ ஒரு கீரை, ஏதோ ஒரு காய் வரும். நம்மவர்கள் பட்டம் என்று சொல்லி வைத்தது இதைத்தான். கூரை போட்டால் பட்டத்தை இரண்டு மூன்று வாரம் முன்னே பின்னே இழுக்கலாம், அவ்வளவுதான்.

என் மாடிக் கணக்கைச் சொல்கிறேன். ஏப்ரல், மே மாதங்களில் வெயிலுக்குப் பிறந்த பயிர்களோடு மட்டும் பேசுவேன். தண்டுக்கீரை, பசலைக்கொடி, பொன்னாங்கண்ணி, வெண்டை, கொத்தவரை. அந்த நாளில் பாலக் விதைத்தால் முளைக்கவே அடம் பிடிக்கும். கொத்தமல்லி முளைத்தாலும் நான்கு இலை விட்டதும் பூவுக்குப் போய்விடும். சிறுகீரை வலைக்கு அடியில் 25 நாளில் பறிப்புக்கு வரும், வாரத்துக்கு ஒரு தொட்டி என்று நான்கு தொட்டியில் மாற்றி மாற்றி விதைத்தால் இடைவெளியே விழாது. அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் கிள்ளிக்கொண்டே இருக்கலாம். அம்மாவுக்குத் தினம் ஒரு கீரை என்றீர்களே, கோடையில் இந்த ஐந்தாறு வகை போதும்.

ஆடிப் பட்டத்தில் கத்தரி, மிளகாய், அவரை, சுரை, பாகல். இதற்குக் கூரைகூட அவ்வளவாக வேண்டியதில்லை. நீங்கள் கவனம் வைக்க வேண்டியது ஆவணிக் கடைசி. அப்போது தக்காளி நாற்று விட்டு, 25 நாளில் எடுத்து நட்டால், ஐப்பசி மழையை ஷீட்டுக்கு அடியில் தாண்டிவிடும். மார்கழி, தையில் இரவு 20, 21 டிகிரிக்கு இறங்கும்போது சரியாகப் பூவில் இருக்கும். சென்னையில் தக்காளி மனசார காய்க்கிற காலம் அதுதான். கூரை இல்லாதவர்கள் மழை விட்ட பிறகு நட்டு, பிஞ்சு பிடிக்கும்போது வெயிலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கேட்கவே வேண்டாம். பாலக், வெந்தயக்கீரை, கொத்தமல்லி, முள்ளங்கி, நூக்கல், செடி பீன்ஸ், காலிஃப்ளவர். கொத்தமல்லி விதையைச் செருப்புக்காலால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, ஒரு இரவு ஊறவைத்து விதையுங்கள். முழு விதையாகப் போட்டுவிட்டு முளைக்கவில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

பூச்சிவலை பற்றி ஓசூர்த் தம்பி சொல்லட்டும்.

---

நாற்றங்கால் (ஓசூர்), மார்ச் 24

வெள்ளை ஈயைத் தடுக்கச் சின்னக் கண்ணி வலை வேண்டும், இலைப்பேனுக்கு அதைவிடச் சின்னது. ஆனால் கண்ணி சின்னதாக ஆக ஆக காற்றும் குறையும். மாடியைச் சுற்றி அந்த வலையைக் கட்டினால் மறுபடியும் மூடிய குடிலுக்கே வந்துவிடுவீர்கள். நாற்று வளர்க்கும் இடத்துக்கு மட்டும், ஒரு மேசை அளவுக்குப் பெட்டி மாதிரி அடித்து மாட்டுங்கள். தக்காளிக்கும் மிளகாய்க்கும் இலைச்சுருட்டை நோயைக் கொண்டு வருவது இந்தப் பூச்சிகள்தான். நாற்றுப் பருவத்தில் தொற்றினால் மீட்கவே முடியாது. முதல் 25 நாள் காப்பாற்றிவிட்டால் பாதி வெற்றி.

முழுக்க வலை கட்டினால் தேனீயும் வராது. தக்காளிக்குக் கவலையில்லை, கொத்தை விரலால் சுண்டிவிட்டால் தன் மகரந்தம் தனக்கே விழும். கொடிவகைக்கு நீங்கள்தான் தேனீ. ஆண் பூவுக்கு வெறும் காம்பு, பெண் பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருக்கும். ஆண் பூவைப் பறித்து இதழை உரித்துவிட்டுப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தொட வேண்டும். நேரம் முக்கியம். பூசணி, பாகல், வெள்ளரி காலையில் விரியும். பீர்க்கையும் சுரையும் சாயங்காலம் விரியும். பீர்க்கைக்குக் காலையில் போய் நின்று "பிஞ்சு வெம்பிப் போகிறது" என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

---

மாடி_விவசாயி (சேலம்), மார்ச் 25

மண்ணே இல்லாமல் ஹைட்ரோபோனிக்ஸ் போட்டால் இந்தப் பாரம், பூச்சித் தொல்லை எல்லாம் குறையுமே? நான் பைப்பில் லெட்யூஸ் வளர்க்கிறேன், நன்றாக வருகிறது.

---

நாற்றங்கால், மார்ச் 25

வரும். ஆனால் சன்னமாக நீர் ஓடும் பைப் முறையில் கோடையில் மோட்டார் நின்றால் ஓரிரண்டு மணி நேரத்தில் வேர் காய்ந்து செடி படுத்துவிடும். மின்வெட்டு இருக்கிற ஊரில் மாற்று மின்சாரம் வைத்துக்கொண்டு இறங்குங்கள். முதன்முதலில் தொடங்குகிறவருக்கு மண் பொறுமையான ஆசிரியர். தவறு செய்தால் இரண்டு நாள் அவகாசம் கொடுக்கும்.

---

போரூர்_மாடி, மே 12

அக்னி நட்சத்திரத்தின் நடுவில் எழுதுகிறேன். ஊரெல்லாம் 40 தொடுகிறது. வலைக்கு அடியில் நேற்று மதியம் 37. தண்டுக்கீரை நிற்கிறது! கோவை இன்னும் பந்தலைத் தொடவில்லை, கீற்றுதான் காப்பாற்றுகிறது.

இரண்டு பிரச்சினை. வெண்டை இலையெல்லாம் மேலே ஊசியால் குத்தியது போல் வெளிறிப் புள்ளி புள்ளியாக இருக்கிறது, எந்தப் பூச்சியும் கண்ணில் படவில்லை. இரண்டாவது, பைகளின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. போர்வெல்லில் தண்ணீர் குறைந்ததால் இரண்டு மாதமாக ஆர்.ஓ. (குடிநீர் வடிகட்டி) கழிவுநீரைத்தான் ஊற்றுகிறேன்.

---

கீரைக்காரி, மே 12

ஒரு வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்து, இலையை இரண்டு தட்டுத் தட்டுங்கள். தாளில் விழுந்த தூசியைக் கண் எடுக்காமல் பாருங்கள். தூசி நகர்ந்தால் சிவப்புச் சிலந்தி. இலைக்கு அடியில் சன்னமாக நூலாம்படையும் இருக்கும். காய்ந்த சூடு அதற்குக் கொண்டாட்டம். அதோடு கூரைக்கு அடியில் இருப்பதால் கோடை மழை அதைக் கழுவிவிடுவதில்லை. அந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டும். ஒரு வாரம் தினமும் காலையில் இலையின் அடிப்பக்கத்தில் படும்படி பலமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள். ரொம்பப் பிடித்த இலையைக் கிள்ளி வெளியே போடுங்கள். அப்புறம் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைத்து, சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு. மதியத்தில் அடித்தால் இலை வெந்துவிடும்.

ஆர்.ஓ. கழிவுநீரை இன்றோடு நிறுத்துங்கள். வடிகட்டி பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்த நீரில்தான் சேர்ந்திருக்கிறது. திறந்த மாடியில் மழை வந்து பையிலுள்ள உப்பைக் கரைத்துக் கீழே இறக்கிவிடும், கூரைக்கு அடியில் அது நடக்காது. போகப் போக வேர் தண்ணீர் குடிக்க முடியாமல் இலை ஓரம் கருகும். வெள்ளை படிந்த மேல் மண்ணை ஒரு அங்குலம் சுரண்டி எடுங்கள். நல்ல தண்ணீரைப் பைக்கு அடியில் வழியும் வரை இரண்டு மூன்று முறை ஊற்றிக் கழுவுங்கள். அதற்குப் பிறகு தொழுவுரம் அல்லது மண்புழு உரம், சத்தும் அதோடு போயிருக்கும். வலை போட்டவர்கள்கூட முதல் பெருமழைக்கு வலையைச் சுருட்டிவிட்டுப் பைகளை நனைய விடுவது நல்லது.

பையின் வெளிப்பக்கம் கறுப்பா வெள்ளையா? கறுப்பாக இருந்தால் பழைய வெள்ளை வேட்டியைச் சுற்றிவிடுங்கள். வெயில் படும் கறுப்புப் பைக்குள் கையை விட்டுப் பாருங்கள், வேர் எந்தச் சூட்டில் இருக்கிறது என்று புரியும்.

---

மாடி_விவசாயி, மே 14

நான் 75 சதவீத வலை போட்டு, வாரம் ஒரு தடவை கடலைப் புண்ணாக்கு ஊறல் ஊற்றுகிறேன். கீரை கரும்பச்சையாகக் கொழுகொழுவென்று வருகிறது. பூச்சிமருந்தே இல்லை. இதைவிட ஆரோக்கியம் என்ன வேண்டும்?

---

கீரைக்காரி, மே 14

பூச்சிமருந்து இல்லாதது பெரிய விஷயம், அதற்குப் பாராட்டு. ஆனால் அந்தக் கரும்பச்சையைப் பார்த்து மகிழாதீர்கள். வெளிச்சம் குறைந்து தழைச்சத்து கூடினால், செடி எடுத்த சத்தைப் புரதமாக மாற்ற முடியாமல் நைட்ரேட்டாக இலையில் சேர்த்து வைக்கும். வெளிச்சம்தான் அதைக் கரைக்கும். வலையை 50க்கு மாற்றுங்கள், புண்ணாக்கை மாதம் இரண்டு முறையாகக் குறையுங்கள். நல்ல வெயில் பட்ட நாளின் பிற்பகலில் பறியுங்கள். கீரை கொஞ்சம் வெளிர்ப் பச்சையாக வந்தால் பரவாயில்லை, அசுவினிப் பூச்சியும் குறையும்.

---

போரூர்_மாடி, அக்டோபர் 29

ஆவணிக் கடைசியில் விட்ட தக்காளி நாற்று 18 செடி, ஷீட்டுக்கு அடியில் முழங்கால் உயரம். மூன்று நாளாக விடாத மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர். மேலே போய் நின்றால் ஷீட்டில் மழை கொட்டுகிற சத்தம் காதைப் பிளக்கிறது, கீழே இலையில் ஒரு துளி ஈரம் இல்லை. அம்மா குடையோடு மேலே வந்து பார்த்துவிட்டுப் பத்து நிமிடம் அங்கேயே நின்றார்.

ஒரு நஷ்டம்: சிறுகீரைத் தொட்டி இரண்டில் முளைத்த நாற்று தரையோடு ஒட்டிய இடத்தில் நூல் மாதிரி இளைத்துச் சாய்ந்துவிட்டது.

---

நாற்றங்கால், அக்டோபர் 29

நாற்றழுகல். விதையை நெருக்கமாகத் தூவியிருப்பீர்கள், மூட்டமான நாளிலும் தினம் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள். அந்த மண்ணை வெயில் வந்ததும் பரப்பிக் காய விடுங்கள். அடுத்த விதைப்புக்கு முன் தொழுவுரத்தில் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) கலந்து ஒரு வாரம் ஈரமாக மூடிவைத்து, பிறகு மண்ணோடு சேருங்கள். விதையை மணலோடு கலந்து பரவலாகத் தூவுங்கள். தண்ணீர் காலையில் மட்டும், விரலை விட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால் மட்டும்.

---

கம்பி_வேலை, நவம்பர் 26

வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்கிறார்கள். மாடியில் ஷீட் வைத்திருக்கும் எல்லோரும் இன்று சாயங்காலத்துக்குள் கழற்றிவிடுங்கள். இரண்டு நாள் நனைந்தால் செடி பிழைத்துக்கொள்ளும்.

---

போரூர்_மாடி, ஜனவரி 18

நவம்பரில் நானும் தம்பியும் 25 நிமிடத்தில் ஷீட்டைக் கழற்றினோம். சட்டம் அசையவில்லை. நான்கு தக்காளிச் செடி சாய்ந்தது, குச்சி கட்டி நிமிர்த்தினோம். பொங்கலன்று பதினெட்டுச் செடியில் மூன்றே கால் கிலோ பழம் பறித்தோம். காம்போடு திருகும்போது கையெல்லாம் பச்சை வாசம். சாம்பாருக்குப் போட்ட முள்ளங்கி, வெந்தயக்கீரை, கொத்தமல்லி எல்லாம் மாடியிலிருந்துதான். ஜூன் மாதம் இரண்டு வாரம் மட்டும் கீரை வெளியே வாங்க வேண்டி வந்தது. மற்றபடி ஏப்ரலிலிருந்து அம்மாவின் தட்டில் வீட்டுக் கீரைதான்.

அக்கா, இந்தக் கோடைக்கு அந்த ஜூன் இடைவெளியையும் அடைக்க வேண்டும். என்ன செய்யட்டும்?

---

கீரைக்காரி, ஜனவரி 18

தம்பி, படித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டது. அம்மாவுக்கு என் வணக்கம்.

ஜூனுக்குப் பசலைக்கொடிதான் பதில். என்னிடம் சிவப்புத் தண்டு, பச்சைத் தண்டு இரண்டும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு முழ நீளத்துக்குப் பத்துத் துண்டு வெட்டிக்கொண்டு போங்கள். மாசி பிறப்பதற்குள் நட்டுவிட்டால் கோடைக்குள் வேர் ஆழமாகப் பிடித்துவிடும். பந்தலின் தெற்குக் காலில் ஏற்றுங்கள், மேற்கே கோவை இருக்கிறது. அப்புறம், நிழல்வலையை இப்போதே விரித்துப் பாருங்கள். கொக்கி மாட்டும் ஓரம் கிழிந்திருக்கும். பிப்ரவரிக் கடைசியில் மேலே ஏற்றுவதற்கு முன் மீன்வலை நரம்பால் தைத்துவிடுங்கள்.